உடம்பு தன்னையே அடிக்குமா? டாக்டர் எர்லிக்கின் வாழ்க்கை

ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தவர்களுக்கு ஈஸினோபில் என்ற வார்த்தை தெரிந்திருக்கும். ஓயாத தும்மலும் இளைப்பும் உள்ளவர்களிடம், ஈஸினோபில் கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லுவார்.

அந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மனி தேசத்து டாக்டர் ஒருவர். அவர் பெயர் பால் எர்லிக்.

ரத்தத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்தவர் அவர். குன்றிமணி விஷத்தைத் தின்றும் சாகாத எலிகளை உண்டாக்கியவர் அவர். உலகத்தை நடுங்க வைத்த மேக நோய்க்கு மருந்து கண்டவரும் அவர்தான்.

இத்தனையும் செய்தவர் ஒரு கேள்வியை மட்டும் எழுப்பிவிட்டு, பாதி விடையோடு போய்விட்டார். எதிரியை அடிக்கும் உடம்பு தன்னையே அடித்துக்கொள்ளுமா என்பது அந்தக் கேள்வி. அதற்கு முழு விடை இன்றும் கிடைத்தபாடில்லை. ஆனால் விடையை நோக்கி டாக்டர்கள் வெகு தூரம் வந்துவிட்டார்கள்.

கட்டுரையில் தோற்ற மாணவன்

எர்லிக் 1854-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி ஸ்டிரேலன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யாவைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். தகப்பனார் சத்திரம் நடத்தி வந்தார். மது காய்ச்சும் தொழிலும் லாட்டரிச் சீட்டு ஏஜென்சியும் அவருக்கு உண்டு.

பையனைப் பிரெஸ்லவ் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கணக்கும் லத்தீனும் அவனுக்கு நன்றாக வந்தன. கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் கை ஓடாது.

வாழ்க்கை ஒரு கனவு என்பது பற்றி எழுதும்படி ஒருமுறை சொன்னார்களாம். மற்றப் பையன்கள் பக்கம் பக்கமாக வேதாந்தம் எழுதினார்கள். எர்லிக் வேறு மாதிரி எழுதினான். உயிர் வாழ்வது என்பது பிராணவாயுவோடு உடம்பு சேர்ந்து எரிவது. கனவு என்பது மூளையில் மின்னும் ஒளி என்று எழுதிக் கொடுத்தான். வாத்தியாருக்குக் கோபம் வந்தது. மார்க்கு போடவில்லை. இப்படி ஒரு கதை அவரைப்பற்றி உண்டு.

சாயப் பைத்தியம்

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் புதிய புதிய சாயங்கள் வந்துகொண்டிருந்தன. நிலக்கரித் தாரிலிருந்து அவற்றை எடுத்தார்கள். பட்டு, பருத்தி, கம்பளி எதில் தோய்த்தாலும் பளபளவென்று நிறம் பிடித்தது. (நம் நாட்டில் அவுரி பயிரிட்டவர்களின் பிழைப்பைப் பிற்பாடு கெடுத்தவையும் இந்த ஜெர்மன் சாயங்கள்தான்.)

எர்லிக்கின் தாய்வழிச் சொந்தத்தில் கார்ல் வைகர்ட் என்று ஒருவர் இருந்தார். ஒன்பது வயது மூத்தவர். டாக்டர். அவர் அந்தச் சாயங்களைத் துணிக்குப் போடாமல் உடம்பின் சதைத் துணுக்குகளுக்குப் போட்டுப் பார்த்துவந்தார். தம்பிக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது.

மருத்துவம் படிக்கப் போன இடத்திலெல்லாம் எர்லிக்குக்கு இதே வேலைதான். ஸ்டிராஸ்பர்க் கல்லூரியில் அவருடைய மேஜை முழுவதும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கறை படிந்திருந்தது. விரல்களிலும் கறை. சட்டையிலும் கறை.

பரீட்சைகளில் அவர் சுமார்தான். காச நோய்க் கிருமியைப் பிற்பாடு கண்டுபிடித்துப் புகழ் பெற்ற ராபர்ட் காக் ஒருமுறை பிரெஸ்லவுக்கு வந்தார். மூலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த மாணவரை அவருக்குக் காட்டினார்கள். சாயம் போடுவதில் கெட்டிக்காரன், பரீட்சையில் மட்டும் தேறவே மாட்டான் என்று சொல்லிச் சிரித்தார்களாம். ஆனாலும் 1878-ல் அவர் தேறி டாக்டர் ஆனார்.

எர்லிக்கின் மனத்தில் ஓர் எண்ணம் அப்போதே வேர்விட்டிருந்தது. சாயம் எல்லா இடத்திலும் ஒட்டுவதில்லை. ஒன்றைப் பிடிக்கிறது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுகிறது. அப்படியானால் சாயத்துக்கும் அந்த இடத்துக்கும் ஏதோ பொருத்தம் இருக்கவேண்டும். சாயத்துக்கு இருக்கும் பொருத்தம் விஷத்துக்கும் மருந்துக்கும் ஏன் இருக்கக்கூடாது? பின்னால் அவர் செய்த அத்தனை வேலையும் இந்த ஒரே எண்ணத்தில் பிறந்தவை.

பெர்லின் நகரத்துச் சாரிட்டே ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. பெரிய டாக்டரான பிரெரிக்ஸ் அவரை இஷ்டம்போல் ஆராய்ச்சி செய்ய விட்டார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சூடு காட்டி, சாயம் ஊற்றிப் பார்த்தார் எர்லிக்.  வெள்ளை அணுக்கள் பல வகை என்று தெளிவாகத் தெரிந்தது. ஈஸின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பிப் பிடித்த அணுவுக்கு ஈஸினோபில் என்று பெயர் வைத்தார்.

அடுப்பு செய்த உதவி

1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை ராபர்ட் காக் பெர்லினில் வெளியிட்டார். எர்லிக்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அந்தக் கிருமி லேசில் கண்ணுக்குத் தெரியாது. நல்ல சாயம் வேண்டும். எர்லிக் அன்றே வேலையில் இறங்கினார்.

ஒரு நாள் இரவு சாயம் போட்ட கண்ணாடித் துண்டுகளை ஆறிக் கிடந்த அடுப்பின்மேல் காய வைத்துவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் காலையில் வேலைக்காரி அது தெரியாமல் அடுப்பை மூட்டிவிட்டாள். ஓடி வந்து பார்த்தார் எர்லிக். கண்ணாடித் துண்டுகள் சுட்டன. எல்லாம் கெட்டுப் போயிற்று என்று எண்ணிக்கொண்டே பூதக்கண்ணாடியில் வைத்தார். கிருமிகள் கொத்துக் கொத்தாகப் பளிச்சென்று தெரிந்தன! சூடுதான் சாயத்தை உள்ளே ஏற்றியது.

அவருடைய முறையைப் பின்னால் வேறு இருவர் திருத்தினார்கள். சளியில் காசக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அந்த முறை இன்னமும் ஆஸ்பத்திரிகளில் பயன்படுகிறது.

1883-ல் எர்லிக்குக்குக் கலியாணம் ஆயிற்று. மணமகள் பெயர் ஹெட்விக். வயது 19. ஜவுளி ஆலைக்காரரின் மகள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன.

குடும்பம் நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நிலைமை மாறியது. பிரெரிக்ஸ் 1885-ல் இறந்தார். புதிதாக வந்த தலைவர் ஆராய்ச்சிக்கு நேரம் கொடுக்கவில்லை. அதோடு இன்னோர் இடியும் விழுந்தது. எர்லிக்குக்கு இருமல் கண்டது. அவரே தம் சளியை எடுத்து, தம் சாயத்தைப் போட்டுப் பார்த்தார். காசக் கிருமி இருந்தது.

வேலையை விட்டார். மனைவியை அழைத்துக்கொண்டு 1888-ல் எகிப்து தேசத்துக்குப் போனார். உலர்ந்த காற்றும் வெயிலும் அவரைக் காப்பாற்றின. 1889-ல் திரும்பி வந்தபோது உடம்பு தேறியிருந்தது. உத்தியோகம் இல்லை.

குன்றிமணியும் ஆமணக்கும்

வாடகைக்கு ஒரு சிறிய இடம் பிடித்தார். அங்கேதான் அந்த எலி ஆராய்ச்சி நடந்தது.

ஆமணக்கு விதையில் ஒரு விஷம் உண்டு. அதற்கு ரைசின் என்று பெயர். குன்றிமணியில் இருக்கும் விஷத்துக்கு அப்ரின் என்று பெயர். நம் ஊரில் தட்டான் தங்கம் நிறுக்க வைத்திருந்த அதே குன்றிமணிதான். அதை நொறுக்கித் தின்றால் ஆபத்து என்று நம் பாட்டிமார்களுக்கும் தெரியும்.

எர்லிக் எலிகளுக்கு இந்த விஷத்தைத் தீனியில் கலந்து துளித் துளியாகக் கொடுத்தார். நாளுக்கு நாள் அளவைக் கூட்டினார். சில வாரங்களில் அந்த எலிகள், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போலப் பல மடங்கு விஷத்தைத் தாங்கின.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. ஆமணக்கு விஷத்துக்குப் பழகிய எலி குன்றிமணி விஷத்தில் செத்துப்போயிற்று. குன்றிமணிக்குப் பழகியதற்கு ஆமணக்கு எமனாயிற்று. ஒவ்வொரு விஷத்துக்கும் உடம்பு தனித்தனி மாற்று மருந்து செய்கிறது என்பது விளங்கியது.

அதோடு அவர் விடவில்லை. விஷத்துக்குப் பழகிய தாய் எலியிடம், வேறொரு சாதாரணத் தாயின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளும் விஷத்தைத் தாங்கின. தாய்ப்பால் வழியாகவே பாதுகாப்பு பிள்ளைக்குப் போகிறது! பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கவேண்டும் என்று இன்று டாக்டர்கள் வற்புறுத்தும் காரணங்களில் இதுவும் ஒன்று.

ராபர்ட் காக் இந்த வேலையைப் பார்த்துத் தம்முடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார். அங்கே பேரிங் என்ற டாக்டர் இருந்தார். அவரும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் ஒரு புதிய வழி கண்டிருந்தார்கள். நோய் விஷத்துக்குப் பழக்கிய பிராணியின் ரத்தத் தெளிவில் மாற்று மருந்து இருக்கிறது என்று 1890-ல் அவர்கள் காட்டியிருந்தார்கள். குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் தொண்டை அடைப்பான் நோய்க்கு அதைக் கொடுக்கலாம் என்று நம்பிக்கை பிறந்தது.

ஆனால் ஒரு சீசாவில் வேகம் இருந்தது. இன்னொரு சீசா வெறும் தண்ணீராக இருந்தது. எவ்வளவு கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. எர்லிக் தராசில் நிறுப்பதைப்போல அதை அளந்து காட்டினார். குதிரைகளைப் பழக்கி வேகமான மருந்து எடுக்கவும் வழி சொன்னார். 1894-ல் மருந்து கடைக்கு வந்தது.

பணமும் பெயரும் பேரிங்குக்குப் போயின. 1901-ல் முதல் நோபல் வைத்தியப் பரிசும் அவருக்கே கிடைத்தது. எர்லிக்குக்கு அதில் வருத்தம் இருந்தது. ஒன்றாக வேலை செய்தவர்களின் சிநேகம் கசந்தது.

ஆட்டு ரத்தம்

அரசாங்கம் 1896-ல் அவருக்கென்று ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. 1899-ல் அது பிராங்க்பர்ட் நகரத்துக்கு மாறியது. அங்கே அவர் கடைசிவரை இருந்தார்.

1897-ல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். உடம்பின் அணுக்களுக்குப் பல கைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட கைகள். விஷம் வந்து ஒரு கையைப் பற்றிக்கொள்கிறது. அணு அந்தக் கைக்குப் பதிலாக அதேபோல் நிறையக் கைகளை முளைக்க வைக்கிறது. மிதமிஞ்சிய கைகள் உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கின்றன. அடுத்த முறை விஷம் வந்தால், அணுவை நெருங்கும் முன்பே மிதக்கும் கைகள் அதைப் பிடித்துவிடுகின்றன. இதுதான் எர்லிக்கின் விளக்கம். நுணுக்கங்களில் தவறு உண்டு. அணுவின்மேல் பிடிக்கும் உறுப்புகள் இருக்கின்றன என்ற அடிப்படை சரியாகவே இருந்தது.

உடனே அடுத்த கேள்வி எழுந்தது. எதை வேண்டுமானாலும் பிடிக்கக் கைகள் முளைக்கும் என்றால், சொந்த உடம்பைப் பிடிக்கும் கை முளைக்காதா?

எர்லிக்கும் அவருடைய உதவியாளர் மார்கன்ராத்தும் ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆட்டின் உடம்பில் மற்ற ஆடுகளின் ரத்தத்தை ஏற்றினார்கள். அந்த ஆட்டின் ரத்தத் தெளிவு மற்ற ஆடுகளின் சிவப்பு அணுக்களை உடைத்துக் கரைத்தது. ஆனால் தன் சொந்தச் சிவப்பு அணுவை அது தொடவில்லை. ஆடு மாற்றி ஆடு செய்து பார்த்தார்கள். எந்த ஆடும் தன்னையே அழித்துக்கொள்ளவில்லை.

உடம்புக்குத் தன்னைத்தானே விஷமாக்கிக் கொள்வதில் ஒரு பயங்கரமான வெறுப்பு இருக்கிறது என்று எர்லிக் எழுதினார். அதற்கு லத்தீனில் ஒரு பெயரும் வைத்தார். தன்னை அடிக்காமல் பார்த்துக்கொள்ள உடம்பில் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. அந்த ஏற்பாடு கெட்டுப்போனால் நோய் வரக்கூடும் என்பதற்கும் அதில் இடம் இருந்தது.

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். உடம்பு தன்னை அடிக்கவே அடிக்காது என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார்கள். 1904-லேயே வியன்னா நகரத்தில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர் எதிர் சாட்சியைக் காட்டினார்கள். சிலருக்குக் குளிரில் நின்றால் சிறுநீர் ரத்த நிறத்தில் போகும். அவர்களுடைய ரத்தத்திலேயே சொந்தச் சிவப்பு அணுக்களை உடைக்கும் பொருள் இருந்தது. அதை ஏதோ ஒரு விந்தை என்று ஒதுக்கினார்கள்.

சுருட்டும் வண்ணச் சீட்டுகளும்

எர்லிக் ஒல்லியான மனிதர். கண்ணாடி போட்டிருப்பார். நாளொன்றுக்கு 25 சுருட்டு பிடிப்பார் என்பார்கள். சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடப்பார். அவருடைய அறையில் சோபாவின்மேலும் நாற்காலியின்மேலும் புத்தகக் குவியல். வந்தவர்களுக்கு உட்கார இடம் இருக்காது. துப்பறியும் கதை என்றால் உயிர். உத்தரவுகளைச் சின்னச் சின்ன வண்ணச் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொரு உதவியாளருக்கும் காலையில் அனுப்புவார். இன்றைக்கு இந்த மருந்தை இத்தனை எலிக்குப் போடு என்று சீட்டில் இருக்கும். அதை மீறினால் கோபம் வரும்.

1908-ல் நோபல் பரிசு அவருக்கும் வந்தது. ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவுடன் பகிர்ந்துகொண்டார். வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கிக் காப்பாற்றுகின்றன என்றவர் மெச்னிகாவ். ரத்தத் தெளிவில் உள்ள பொருளே காப்பாற்றுகிறது என்றவர் எர்லிக். இரண்டு கட்சியும் வெகுநாள் சண்டை போட்டன. பரிசுக் குழுவினர் இருவருக்கும் கொடுத்தார்கள். இரண்டும் உண்மை என்று பிற்காலம் சொன்னது.

606

கிருமியை மட்டும் தேடிப் போய் அடித்து, மனிதனைத் தொடாமல் விடும் மருந்து ஒன்று வேண்டும் என்பது எர்லிக்கின் நெடுநாள் கனவு. அதை மாயத் தோட்டா என்று அழைத்தார். சாயம் தனக்குப் பொருத்தமான இடத்தை மட்டும் பிடிப்பதைப்போல மருந்தும் பிடிக்கவேண்டும்.

பிராங்க்பர்ட்டில் பாங்கி முதலாளி ஒருவரின் விதவையான பிரான்ஸிஸ்கா ஸ்பையர் அம்மாள், கணவரின் நினைவாக ஆராய்ச்சி மாளிகை கட்டப் பணம் கொடுத்தார். 1906-ல் அது திறந்தது. பெர்ட்டைம் என்ற ரசாயனக்காரர் பாஷாணம் கலந்த பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எலிக்குப் போடுவது, பார்ப்பது, எழுதுவது. நூறு, இருநூறு, ஐந்நூறு தாண்டிப் போயிற்று.

606-வது மருந்தும் பயனில்லை என்று ஓர் உதவியாளர் முன்பே ஒதுக்கியிருந்தார். 1909-ல் ஜப்பானிலிருந்து சஹாசிரோ ஹாட்டா என்ற டாக்டர் வந்தார். பொறுமைசாலி. ஒதுக்கிய மருந்துகளையும் மறுபடி சோதிக்கும்படி எர்லிக் அவரிடம் சொன்னார். ஹாட்டா மேக நோய் கண்ட முயல்களுக்கு 606-ஐப் போட்டார். கிருமிகள் மறைந்தன. புண் ஆறியது.

1910 ஏப்ரலில் செய்தி வெளியாயிற்று. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் டாக்டர்கள் பிராங்க்பர்ட்டுக்கு ஓடிவந்தார்கள். விற்பனைக்கு வருமுன் சுமார் 65,000 சிறு குப்பிகள் டாக்டர்களுக்கு இனாமாகக் கொடுக்கப்பட்டன. பிறகு சால்வர்சான் என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். அந்த மஞ்சள் தூள் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். கரைப்பதில் பிசகினால் ஆபத்து. சில நோயாளிகள் இறந்தார்கள். ஒவ்வொரு சாவின் விவரத்தையும் எர்லிக் கேட்டு வாங்கிப் படித்தார். தூக்கம் போயிற்று. மருந்தைத் திருத்தி 1912-ல் 914-வது மருந்தைக் கொடுத்தார். அது கரைப்பதற்குச் சுலபமாக இருந்தது.

தூற்றியவர்களும் உண்டு. விலைமாதர்களைப் பலவந்தமாகப் பிடித்து இந்த மருந்தைப் போடுகிறார்கள் என்று பிராங்க்பர்ட் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1914-ல் எர்லிக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். எழுதியவருக்கு ஒரு வருஷம் ஜெயில். வழக்கு ஜெயித்தாலும் மனிதர் தளர்ந்துபோனார்.

அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. போர் தொடங்கிய சில நாட்களிலேயே பெர்ட்டைம் விபத்தில் இறந்தார். வருஷக் கடைசியில் எர்லிக்குக்கு லேசான வாத நோய் தாக்கியது. 1915 ஆகஸ்டு 20-ந் தேதி, ஹோம்பர்க் என்ற ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது மறுபடி தாக்கியது. அன்றே உயிர் பிரிந்தது. வயது 61.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு, யூதர் என்பதால் அவர் பெயர் தாங்கிய வீதியின் பெயரை மாற்றினார்கள். ஹெட்விக் அம்மாள் வயதான காலத்தில் வீட்டை விட்டு முதலில் சுவிட்சர்லாந்துக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய் 1948-ல் காலமானார். போருக்குப் பின் வீதியின் பெயர் திரும்ப வந்தது. ஜெர்மனியின் 200 மார்க் நோட்டிலும் எர்லிக்கின் படம் பல ஆண்டுகள் இருந்தது.

முயல் சொன்ன பதில்

மூடிய கதவை மறுபடி திறந்தது ஒரு முயல்.

எர்லிக்கிடம் வேலை செய்த ஹான்ஸ் ஸாக்ஸ் என்பவருக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் விட்டெப்ஸ்கி. நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போனவர். குரு பரம்பரையாக எர்லிக்கின் கருத்தை வேதமாக நம்பியவர். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நோயல் ரோஸ், முயலின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் சத்தை எடுத்து அதே முயலுக்கு ஊசி போட்டார். எதுவும் நடக்காது என்றுதான் எதிர்பார்த்தார்கள். நடந்தது. முயலின் உடம்பு தன் சொந்தச் சுரப்பியைத் தாக்கி நாசம் செய்தது.

விட்டெப்ஸ்கி லேசில் நம்பவில்லை. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். கடைசியில் 1956-ல் அது வெளியாயிற்று. அதே ஆண்டில் லண்டன் டாக்டர்கள், கழுத்து வீங்கிய மனிதர்களின் ரத்தத்திலும் அதே சங்கதியைக் கண்டார்கள்.

மூட்டுகளை முடக்கும் ஒருவகை வாதம், குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய், முகத்தில் சிவப்புப் படை தோன்றும் லூபஸ் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ந்தன. எர்லிக் சொன்ன அந்த ஏற்பாடு இருப்பது நிஜம். அது கெட்டுப்போவதும் நிஜம்.

சீட்டில் ஒரு முத்திரை

அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது? ஒரு பகுதி, ஆர்.என்.ஏ. என்ற பொருளில் இருக்கிறது என்று அண்மைக் காலத்தில் தெரிந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எர்லிக்கின் வண்ணச் சீட்டுகளையே நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அணுவின் நடுவிலும் டி.என்.ஏ. என்ற பெரிய கணக்குப் புத்தகம் பூட்டி வைத்திருக்கிறது. அதை வெளியே எடுப்பதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ.

சீட்டை எழுதியதோடு அணு விடுவதில்லை. அதன்மேல் அங்கங்கே சிறிய ரசாயன முத்திரைகளைக் குத்துகிறது. ஓர் எழுத்தை மாற்றுகிறது. இன்னோர் எழுத்தின்மேல் புள்ளி வைக்கிறது. முத்திரை எதற்கு?

பல வைரஸ் கிருமிகளும் ஆர்.என்.ஏ. சீட்டோடுதான் வருகின்றன. ஆகவே அணுவுக்குள் காவற்காரர்கள் உண்டு. சந்தேகமான சீட்டைப் பார்த்தால் அபாயச் சங்கு ஊதுவார்கள். சொந்தச் சீட்டைப் பார்த்துச் சங்கு ஊதாமல் இருக்க, ஏடார்-1 என்ற பொருள் அதில் சில எழுத்துகளை மாற்றி வைக்கிறது. காவற்காரன் அதைக் கண்டு, இது நம் வீட்டுச் சீட்டு என்று விட்டுவிடுகிறான்.

ஏடார்-1 பிறவியிலேயே பழுதாக இருந்தால்? முத்திரை விழாது. காவற்காரன் சொந்தச் சீட்டையே எதிரி என்று நினைத்துச் சங்கு ஊதுகிறான். கிருமியே இல்லாத உடம்பில் கிருமி வந்ததுபோல் போர் நடக்கிறது. கைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஒரு கொடிய நோய் உண்டு. அதை முதலில் விவரித்த பிரெஞ்சு டாக்டர்களான எக்கார்டி, கூட்டியே என்பவர்களின் பெயரால் அழைக்கப்படுகிறது. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஏடார்-1 பழுதுதான் காரணம் என்று 2012-ல் கண்டார்கள். ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் உடம்பு, தன் சீட்டைத் தானே அடையாளம் தெரியாமல் தவிக்கிறது.

இன்னொரு முத்திரையும் உண்டு. அதை வைக்கும் பொருளை எலிகளின் போர்வீர வெள்ளை அணுக்களிலிருந்து விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வீரர்கள் சண்டைக்குப் புறப்படவே இல்லை. குடல் அழற்சி நோய் உண்டாகவில்லை என்று 2017-ல் எழுதினார்கள். வீரர்களை அடக்கிவைக்கும் மேஸ்திரி அணுக்கள் வேறு இருக்கின்றன. அவற்றிலிருந்து அதே பொருளை எடுத்தபோது எலிகளின் உடம்பு தன்னையே கடுமையாகத் தாக்கியது. முத்திரை ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நன்மையும் தீமையும் தலைகீழாக மாறுகின்றன. அதனால்தான் இதை மருந்தாக மாற்றுவது சுலபமான காரியமாக இல்லை.

முத்திரையால் நேர்ந்த பெரிய நன்மை ஒன்றும் உண்டு. ஹங்கேரி நாட்டில் பிறந்த கட்டலின் கரிக்கோ என்ற பெண்மணியும் அமெரிக்க டாக்டர் டுரு வைஸ்மனும், ஆர்.என்.ஏ. சீட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் காவற்காரன் கூச்சல் போடுவதில்லை என்று 2005-ல் காட்டினார்கள். கொரோனா காலத்தில் வந்த ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு அதுவே வழி திறந்தது. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பு தன்னை அடிக்காமல் காக்கும் மேஸ்திரி அணுக்களைக் கண்ட ஜப்பானிய விஞ்ஞானி சக்காகுச்சிக்கும், அதற்குத் துணையான உண்மைகளைக் கண்ட அமெரிக்கர்களான மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் கிடைத்தது.

எர்லிக்கின் பெயரால் ஜெர்மனியில் ஒரு பரிசு இருக்கிறது. அவர் பிறந்த நாளான மார்ச் 14-ல், அவர் வாழ்ந்த பிராங்க்பர்ட் நகரத்தில் அதைக் கொடுப்பது வழக்கம். நோபல் பரிசு கிடைக்கும் முன்பே, 2020-ம் ஆண்டுக்கான அந்தப் பரிசு சக்காகுச்சிக்கும், 2022-ம் ஆண்டுக்கானது கரிக்கோ அம்மையாருக்கும் வேறு இருவருக்கும் கொடுக்கப்பட்டன.